ஒத்துக்கொண்டா முடிஞ்சுடுமா?

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் நண்பன் ஒருவனுக்கு நாங்கள் ஒரு புத்திமதி சொன்னோம். "மச்சான், ஒத்துக்கொள். ஃபைனைக் கட்டிப்போட்டு வா. இதோட முடிஞ்சுடும்." நீதிமன்ற வளவுக்கு வெளியே ஒரு வேப்பமரத்துக்குக் கீழ் நின்று சொன்னது. எங்களில் ஒருவரும் சட்டம் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் நின்ற ஏழு பேரும் ஒரே மாதிரித்தான் சொன்னோம்.

கோயில் திருவிழாவில் நடந்த ஒரு கைகலப்பு அது. அவன் விலக்குப் பிடிக்கப் போனவன். ஒருவருக்கு மண்டையில் மூன்று தையல். பொலிஸ் வந்து நாலு பேரை ஏற்றியது, அதில் அவனும் ஒருவன். இரவு சிங்களத்தில் ஏதோ எழுதி நீட்டினார்கள், கையெழுத்து வைத்தான். விடிய விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தவணை, தவணை, தவணை. ஹாட்வெயார் கடையொன்றில் நின்றவன், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். முதலாளியும் முகத்தைச் சுழிக்கத் தொடங்கியிருந்தார்.

ஐந்தாவது தவணையில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஃபைனை நாங்கள் சேர்ந்து கட்டினோம். பிறகு எல்லாரும் போய் ஐஸ்கிறீம் குடித்தோம்.

அடுத்த வருடம் அவனுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை சரிவந்தது. பொலிஸ் றிப்போட் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தான். அந்தப் பத்து நிமிடம் அதில் இருந்தது. வேலை போய்விட்டது. இன்றுவரைக்கும் எங்களை அவன் ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இன்னொரு கோல் வந்தது. எங்களோடு திரியும் ஒரு தம்பி, பத்தொன்பது வயது. அவன் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்த ஆட்கள் கேற்றை அடித்து உடைத்துப் போனார்கள். தம்பி சத்தம் கேட்டு வெளியே வந்து ஃபோனில் வீடியோ எடுத்தவன். எடுத்தவனையே பொலிஸ் கொண்டுபோய்விட்டது. தாய் அழுதுகொண்டு கேட்டா: "இப்ப நான் என்ன செய்யிறது பிள்ளையள்?"

இந்தமுறை நாங்கள் வாயைத் திறக்கவில்லை. எங்களில் ஒருத்தியின் ஒன்றுவிட்ட அக்கா சட்டத்தரணி. முதலில் அவவுக்கு அடித்தோம். அந்த இரவும் அதற்குப் பிறகு வந்த மாதங்களும் நாங்கள் அவவிடம் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறோம். வழக்குக்கு வழக்கு நிலைமை மாறும், உங்கள் வழக்கை உங்கள் சட்டத்தரணியோடுதான் கதைக்க வேண்டும். ஆனால் சட்டத்தரணி வந்து சேரும் வரைக்கும் உள்ள சில மணித்தியாலங்களில்தான் எங்கட பெடியள் கனபேர் வழக்கைத் தோற்கிறார்கள். அந்த மணித்தியாலங்களுக்காகத்தான் இது.

கொண்டு போயிட்டாங்கள், முதல் என்ன கேக்கிறது?

"கைது செய்திருக்கோ, இல்லாட்டி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கோ எண்டு கேளுங்கோ. கைதெண்டா என்ன காரணம் எண்டு கேளுங்கோ. நேரத்தை எழுதி வையுங்கோ." அக்கா சொன்ன முதல் மூன்று வசனம் இதுதான்.

காரணம் கேட்பது உபகாரம் கேட்பது இல்லை. அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை, கைதாகும் ஆளுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்கிறது. நேரத்தை எழுதுவது ஏன் என்றால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி சாதாரண வழக்கில் கைதான ஆளை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயண நேரம் மட்டும் அதில் கழியும். எத்தனை மணிக்குக் கொண்டுபோனார்கள் என்று வீட்டாருக்கே தெரியாவிட்டால் 24 மணித்தியாலத்தை எங்கிருந்து எண்ணுவது?

நாங்கள் பொலிஸ் நிலைய வாசலுக்குப் போகும்போது இரவு 9.40. தம்பியை ஏற்றியது 8.15 என்று தாய் சொன்னா. இரண்டையும் ஃபோனில் எழுதினோம். உள்ளே நின்றவர், "விசாரணைதான். வாக்குமூலம் எடுத்திட்டு விட்டிடுவம்" என்றார். அக்கா ஃபோனிலேயே சொன்னா: "எடுக்கிறது சரி. எந்த மொழியில எடுக்கினம் எண்டு கேளுங்கோ." தான் வெளிக்கிட்டு வருவதாகவும் சொன்னா. சட்டத்தரணி ஒருவர் தன் கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு வருவதற்கு 2012ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அவரை மரியாதையோடு நடத்த வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. எங்களில் பாதிப்பேருக்கு லோயர் என்றால் கோட்டில் மட்டும் வருகிற ஆள் என்ற நினைப்பு இருந்தது.

ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாம். யாழ்ப்பாணத்தில் அதற்கு அலுவலகம் உண்டு. தொலைபேசி 1996. அந்த ஆணைக்குழுவின் சட்டம் வந்த ஆண்டும் 1996தான், அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வாயே திறக்காமல் இருக்கலாமோ?

ஆங்கிலப் படங்களில் விலங்கு பூட்டும்போதே "நீ மௌனமாக இருக்கலாம்" என்று ஒரு பாட்டுப்போலச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1966இல் மிராண்டா என்பவரின் வழக்குக்குப் பிறகு வந்த வழமை அது. எங்கட பொலிஸில் அப்படி ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சொல்லாவிட்டாலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: பொலிஸ் கேட்கும் கேள்விகளில் தன்னைக் குற்றச்சாட்டில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் கட்டுப்பட்டவர் இல்லை. பேர், விலாசம் கேட்டால் சொல்லலாம். மற்றதுக்கு "என்ர சட்டத்தரணியோட கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்பது மரியாதைக்குறைவான பேச்சு இல்லை.

வாக்குமூலம் எழுதினால்? அதே சட்டத்தின் 110ஆம் பிரிவு, எழுதியதை அந்த ஆளுக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும், மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், கூட்டிச் சொல்லவோ விளக்கவோ இடம்கொடுக்க வேண்டும் என்கிறது. எங்கள் பழைய நண்பனுக்கு இதில் ஒன்றும் நடக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை. கேட்கலாம் என்று தெரிந்தால்தானே?

தம்பிக்கு அன்று நடந்ததை அவன் பிறகுதான் சொன்னான். எழுதி முடித்துப் பேனையை நீட்டியிருக்கிறார்கள். அவன் கை நடுங்க நடுங்க, "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது சேர். தமிழில சொல்லிப்போட்டுத் தாங்கோ" என்று சொல்லியிருக்கிறான். ஏச்சு விழுந்தது. அரை மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். பிறகு தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வந்து வாசித்துச் சொன்னார். ஓரிடத்தில், கல்லெறிந்தவர்களோடு தானும் நின்றதாக எழுதப்பட்டிருந்தது. அவன் சொன்னது, கல்லெறிந்தவர்களைத் தன் வீட்டு வாசலில் நின்று கண்டதாக. "நிண்டனான்" என்றது இரண்டிலும் இருக்கிறது. யார் வேண்டுமென்று செய்ததா, மொழியில் வழுக்கியதா, எங்களுக்குத் தெரியாது. அந்த உத்தியோகத்தர் திருத்தி எழுதினார். அதற்குப் பிறகுதான் அவன் கையெழுத்து வைத்தான்.

வெற்றிமாறனின் 'விசாரணை' படத்தை நாங்கள் சேர்ந்து பார்த்திருக்கிறோம். கோயம்புத்தூர் சந்திரகுமார் தன் அனுபவத்தை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்த படம். ஆந்திராவில் கூலிவேலைக்குப் போன தமிழ்ப் பெடியளை, தெரியாத மொழியில், செய்யாத களவை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிப்பார்கள். பார்த்தபோது அடிதான் மனதில் நின்றது. இப்போது யோசித்தால் மொழிதான் நிற்கிறது.

பொலிஸுக்குச் சொன்னது கோட்டில செல்லாதாமே?

இந்தக் கேள்வியை எங்களில் ஒருவன் கொஞ்சம் திமிரோடுதான் கேட்டான். அது உண்மைதான். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க இயலாது. காவலில் இருக்கும்போது சொன்னதும், நீதவானுக்கு முன்னால் சொன்னதாக இல்லாவிட்டால், அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்திலேயே, தான் வைத்திருந்த பொலிஸை அவனே அவ்வளவுக்கு நம்பவில்லை.

"அப்ப ஏன் அக்கா கையெழுத்துக்கு இவ்வளவு பயப்பிடுறியள்?"

அவ இரண்டு காரணம் சொன்னா. ஒன்று, ஒப்புதலாக எடுக்காவிட்டாலும், நாளைக்குக் கூண்டில் நின்று வேறு மாதிரிச் சொன்னால் "அண்டைக்கு இப்பிடிச் சொன்னீரே" என்று முரண்பாடு காட்ட அந்த வாக்குமூலம் வரும். இரண்டாவது, 25ஆம் பிரிவு காப்பாற்றாத ஒரு சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. பிறகு ஒரு பேரைச் சொன்னா. சிங்கராசா.

நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. எங்களில் அரைவாசிப் பேர் அந்த ஆள் கைதான பிறகு பிறந்தவர்கள்.

நல்லரத்தினம் சிங்கராசா மட்டக்களப்புப் பக்கத்து ஆள். 1993 ஜூலை 16 பாதுகாப்புப் படையினரால் பிடிக்கப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்களைத் தாக்கினார் என்பது குற்றச்சாட்டுகளில் வந்தது. அவருக்கு எதிராக இருந்தது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர். தான் கையெழுத்து வைக்க மறுத்ததாகவும், பலவந்தமாகப் பெருவிரல் அடையாளம் எடுத்ததாகவும் அவர் சொன்னார். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆக்கியது.

எப்படி அந்த வாக்குமூலம் செல்லுபடியானது? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கிறது. அது விருப்பத்தோடு கொடுத்தது இல்லை என்றால், அதை நிரூபிக்கிற பாரம் எதிரியின் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததை உள்ளே இருந்தவன் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும்.

அவர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவுக்குப் போனார். 2004 ஜூலையில் அந்தக் குழு, நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. அதைக் கொண்டு இங்கே உயர் நீதிமன்றத்தில் திரும்பக் கேட்டார். 2006 செப்டெம்பர் 15 பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளியது. அந்தக் குழுவுக்கு முறைப்பாடு செய்ய வழிவிட்ட நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஒரு பெருவிரல் அடையாளத்தை அழிக்க ஜெனீவா வரைக்கும் போய்வந்தும் அழியவில்லை.

அந்தச் சட்டத்தின் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. 1979 ஜூலையில் மூன்று வருடத்துக்கு என்று கொண்டுவந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அது வந்த அதே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை. இன்பம், செல்வம் என்ற இரண்டு இளைஞர்களின் உடல்கள் பண்ணையில் கிடந்தன. மாலையில் நாங்கள் காத்து வாங்கப் போகிற அதே பண்ணைதான். 2022இல் திருத்தம் வந்து, தடுப்புக் கட்டளையின் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடவும் எங்களால் இயலவில்லை. 2019 மே 3, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராணுவம் தேடுதல் நடத்தி, சுவரில் இருந்த படங்களுக்காக மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் இதே சட்டத்தின் கீழ்தான் பிடித்தார்கள். அந்த மாத நடுப்பகுதியில் பிணையில் வந்தார்கள். அப்போது எங்களில் இரண்டு பேர் அங்கே முதலாம் வருடம்.

பிணை கிடைக்குமோ?

அடுத்தநாள் சனிக்கிழமை. நீதிமன்றம் இல்லை. தம்பியை நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்தினார்கள். சட்டவிரோதக் கூட்டம், சொத்துக்குச் சேதம் என்று பொலிஸ் அறிக்கை போட்டிருந்தது.

'பிணை வழங்கமுடியாத குற்றம்' என்று கேட்டவுடன் தாய்மார் இடிந்துபோவார்கள். அதன் அர்த்தம் பிணையே இல்லை என்பதல்ல. பொலிஸ் நிலையத்தில் உரிமையாகக் கேட்டு வாங்க இயலாது, நீதவான்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான். 1997ஆம் ஆண்டு 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்று தொடங்குகிறது. தவணைக்கு வரமாட்டார், சாட்சிகளைக் குழப்புவார், பிணையில் நின்று குற்றம் செய்வார் என்பது போன்ற காரணம் இருந்தால் மறுக்கலாம்.

ஆனால் எல்லா வழக்கும் இந்தச் சட்டத்துக்குள் வராது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு வராது. போதைப்பொருள் வழக்கில் குறித்த அளவுக்கு மேல் போனால் நீதவானால் பிணை தர இயலாது, மேல் கோட்டுகளுக்குத்தான் போக வேண்டும். ஐஸ் என்கிற மெத்தம்பெற்றமைனையும் 2022 திருத்தத்தில் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். "ஃபிரெண்டின்ர பாக்கை ஒருக்கா வச்சிரு மச்சான்" என்று சொன்னால் என்ன செய்வது என்று இதற்குப் பிறகு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆள்பிணைக்கு வருகிறவர் அடையாள அட்டையோடும் கிராம அலுவலரின் கடிதத்தோடும் வந்து நின்றால் அலைச்சல் குறையும். விதானையாரைச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுப்பிய கதை தனிக்கட்டுரை.

முறைப்பாட்டை வாபஸ் வாங்கினா வழக்குப் போயிடுமோ?

தம்பியின் தாய் கேற்று உடைந்த வீட்டுக்காரரிடம் போய்க் கெஞ்சலாம் என்று வெளிக்கிட்டவ. அக்கா மறித்தா. குற்றவியல் வழக்கு இரண்டு வீட்டுக்காரரின் பிரச்சினையாகத் தொடங்கலாம், ஆனால் நடத்துகிறது அரசு. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் நடத்தும். பெரிய குற்றம் என்றால் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகிர்வுப் பத்திரம் தாக்கல் செய்வார். சிறுகாயம் போன்ற சில குற்றங்களைத்தான் சமாதானமாக முடிக்கலாம், அவற்றில் சில மத்தியஸ்த சபைக்கும் போகும். எங்கள் பழைய நண்பனின் வழக்கை அப்படி முடித்திருக்கலாமா என்று அன்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. மற்ற வழக்குகளில் பிணையில் நிற்கும் ஒருவர் வீட்டார் போய் முறைப்பாட்டுக்காரரோடு கதைத்தால் சாட்சியைக் குழப்பினார் என்று வரும். நல்ல மனதோடு போய் பிணையை இழக்கலாம்.

லோயருக்குக் காசில்லாட்டி?

அக்கா எங்களிடம் காசு வாங்கவில்லை. எல்லாருக்கும் ஒன்றுவிட்ட அக்கா இருக்கமாட்டா. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகிர்வுப் பத்திரம் வாசிக்கும்போது சட்டத்தரணி இல்லை என்றால் அரச செலவில் ஒருவரை நியமிக்கக் கேட்கலாம். கேட்கிறதுக்கு வெட்கப்படுகிறவர்கள்தான் வாசலில் நிற்கிற 'கோட்டு அனுபவசாலி'களிடம் மாட்டுகிறார்கள். அந்த வேப்பமரத்தடியில் நாங்களும் அப்படி ஏழு அனுபவசாலிகளாகத்தான் நின்றோம்.

அடிச்சிருந்தா?

தம்பிக்கு அடி விழவில்லை. விழுந்திருந்தால் நீதவான் முன் நிற்கும் முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேட்க வேண்டும். காயம் ஆறும், எழுதிவைத்த அறிக்கை ஆறாது. அடிப்படை உரிமை மீறல் மனு என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இதில் கணக்கில் வராது.

"சொல்லி என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்களுக்கு எங்கட குடாநாட்டிலேயே பதில் இருக்கிறது. 2011இல் சுன்னாகம் பொலிஸ் பிடித்த ஓர் இளைஞரின் உடல் இரணைமடுக் குளத்தில் கிடந்தது. வருடங்கள் எடுத்தது, ஆனால் 1994ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின் கீழ் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் பொலிஸாரையே சிறைக்கு அனுப்பியது. அந்தச் சட்டத்தில் தண்டனை ஏழு வருடத்திலிருந்து பத்து வருடம் வரை. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸ் பிடித்த இளைஞர் இறந்தபோதும், இறப்பதற்கு முன் அவர் சொன்னது ஃபோன் வீடியோவில் இருந்ததால்தான் ஊர் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு பொலிஸார் கைதானார்கள். சட்டம் தானாக எழும்பி வரவில்லை. ஆட்கள் சொன்னார்கள், எழுதினார்கள், விடாமல் தவணைக்குப் போனார்கள்.

கடைசிக் கேள்வி

தம்பிக்குப் பிணை கிடைத்தது. தவணைகள் தொடங்கின. மூன்றாவது தவணைக்குப் பிறகு நீதிமன்ற வாசலில் ஒருவர் வந்து அவன் தோளில் கைபோட்டு, எங்களுக்கு நல்லாத் தெரிந்த அந்த வசனத்தைச் சொன்னார். "ஒத்துக்கொள் தம்பி. ஃபைனோட போயிடும்."

தம்பி எங்களைப் பார்த்தான். எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

அக்கா இதற்கு ஒரேயடியாக "ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதே" என்று சொல்லவில்லை. செய்தவன் செய்ததை ஒத்துக்கொள்வது சில வழக்கில் சரியான முடிவாகவும் இருக்கும், தண்டனை குறையவும் கூடும். நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, குற்றம் நிரூபணமானாலும் குற்றத்தீர்ப்பு எழுதாமல் நிபந்தனையோடு விடுவிக்க நீதவானுக்கு இடம் தருகிறது, அதைச் சட்டத்தரணி கேட்க வேண்டும். எங்கள் பழைய நண்பனுக்கு அதைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. "ஒத்துக்கொள்ளுறதெண்டா என்னத்தை ஒத்துக்கொள்ளுறம், அது எங்க எங்க எழுதுப்படும், நாளைக்கு ஆர் ஆர் வாசிப்பினம் எண்டு தெரிஞ்சுகொண்டு ஒத்துக்கொள்ளுங்கோ" என்றா. பொலிஸ் றிப்போட்டில் வரலாம். அரச வேலை விண்ணப்பத்தில் 'முன்னர் குற்றவாளியாகக் காணப்பட்டீரா' என்ற கேள்விக்கு வாழ்நாள் முழுக்க ஓம் போட வேண்டும். ஒத்துக்கொண்ட பிறகு நான் செய்யவில்லை என்று மேன்முறையீடு செய்யும் கதவும் பெரும்பாலும் பூட்டுப்படும்.

எங்கட நீதிமன்றங்களில் குற்றம் செய்யவில்லை என்பவரைச் 'சுற்றவாளி' என்பார்கள். இந்தியாவில் இந்தச் சொல் புழங்குவதாகத் தெரியவில்லை. குற்றவாளியோ சுற்றவாளியோ என்று கேட்கும்போது பயத்தில் நிற்கிற பெடியனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும். ஓரெழுத்துத்தான் வித்தியாசம். தம்பியைக் கூட்டிக்கொண்டு முதல்நாள் இரவு எங்கட வாசிகசாலையில் இருந்து அந்தச் சொல்லைச் சொல்லப் பழக்கினோம். சிரித்துச் சிரித்துத்தான் பழக்கினோம், ஆனால் அவன் கை வேர்த்திருந்தது.

அடுத்தநாள் குற்றச்சாட்டு வாசித்தார்கள். தமிழில்தான். வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையில் இருக்கிறது. அவன் தெளிவாகச் சொன்னான்.

"சுற்றவாளி."

வழக்கு இன்னும் முடியவில்லை. விளக்கத்துக்குத் திகதி போட்டிருக்கிறார்கள். வெல்லுமா என்று எங்களுக்குத் தெரியாது. அவன் எடுத்த வீடியோ சான்றுப் பொருளாக நீதிமன்றத்தில் இருக்கிறது. தவணைக்குத் தவணை ஒருவர் மாறி ஒருவர் கூடப் போகிறோம்.

அந்தச் சனிக்கிழமை காலை தம்பிக்கு ஆள்பிணை நிற்க இரண்டு பேர் தேவைப்பட்டது. ஒருவர் மாமா. மற்ற ஆளாக, விதானையாரின் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் வந்து நின்றவன் எங்கட பழைய நண்பன். ஹாட்வெயார் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்:

"இவனையாவது ஒழுங்காக் கூட்டிக்கொண்டு வாங்கோடா."